உட்கார இடமில்லாத இரும்பு

“இது உங்க கல்லுக்குள்ள இருந்த இரும்பு இல்லீங்க. வெளியிலேருந்து வந்து ஒட்டிக்கிட்டது” என்றார் ஆய்வகக்காரர்.

மருமகள் திரையை நோக்கிக் குனிந்தாள். நாற்பது வயதில் மறுபடி படிக்கப் போனவள். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இந்த ஒரு படம்தான் பாக்கி.

பொடித்த கல்லுக்குள் காமாக் கதிரைச் செலுத்தி, அதைக் கல் எங்கெங்கே விழுங்குகிறது என்று கருவி வரைந்த படம் திரையில் இருந்தது. கோட்டில் அங்கங்கே பள்ளம்.

“இந்தப் படிகத்துல இரும்பு உக்கார ரெண்டே இடம். இடத்துக்கு ரெண்டு பள்ளம், ஆக நாலு. அது சரியா இருக்கு. கூடவே ஆறு பள்ளம் வந்திருக்கே, அது உக்கார இடமில்லாத வெறும் இரும்பு. எதுல இடிச்சீங்க?”

“சின்ன அகேட் கல் உரல்லதான். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், மணிக்கட்டு வீங்க வீங்க அரைச்சேன்.”

“அப்ப யாரோ இரும்பு உரல்ல போட்டிருக்காங்க. மிச்சக் கல் இருந்தா சுத்தமா அரைச்சுக் கொண்டு வாங்க. இல்லேன்னா காந்தத்தை வெச்சுக்கிட்டு இந்தப் பொடியோட மல்லுக்கட்டணும்.”

மிச்சக் கல் வீட்டில் டப்பாவில் இருந்தது. அந்த மட்டும் பிழைத்தோம் என்று பேருந்து ஏறினாள்.

வழியில்தான் எல்லாம் விளங்கியது. அன்றிரவு பாதி அரைத்ததை மேசையில் வைத்துவிட்டுத் தூங்கிப்போயிருந்தாள். காலையில் பார்த்தால் மாவு. கணவன் வேலை என்று நம்பி உருகி வேறு போனாள். குடிக்கிற தண்ணீரைக்கூடத் தானாக எடுக்காத மனிதன் அவன். இரும்பு உரலோ மாமியாருடையது. ‘இந்த வயசுல என்ன படிப்பு’ என்று சொன்ன நாளிலிருந்து மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். படிப்பைக் கெடுக்க நல்ல வழிதான் கண்டுபிடித்திருக்கிறார்.

இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வீட்டுக்குள் நுழைந்தாள்.

மாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. வழக்கம்போல மகனைப் பார்த்தே பேசினார்.

“உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுடா. வீங்கின கையோட இனிமே அந்தச் சொப்பு உரலைக் கட்டிக்கிட்டு அழ வேணாம். அன்னைக்கு அவ பாதியில விட்டதை முடிச்சு வெச்ச மாதிரியே, டப்பால இருந்த கல்லையும் நம்ம இரும்பு உரல்ல போட்டு, மாவா இடிச்சு வெச்சுட்டேன்.”

சண்டைக்குத் திறந்த வாயால், “கையைக் காட்டுங்க அத்தை” என்றாள் மருமகள். காந்தம் வாங்கக் கடை திறந்திருக்குமா என்ற கவலை அப்புறம்தான் வந்தது.