மாத்தாள் வேலை

குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போச்சு. பனி இறங்குமுன் மல்லிச்செடிகளைக் கவாத்து செய்யாவிட்டால் மாசியில் பூ கிடையாது. நானும் பக்கத்துத் தோட்டத்துப் பேயாண்டி அண்ணனும் மாத்தாள். அவர் ஒரு நாள் எனக்கு வெட்டினால், நான் ஒரு நாள் அவருக்கு வெட்டுவேன். ஆடியில் அவரைப் புதைத்தோம்.

இன்றோடு மூன்று நாளாக, விடிந்து நான் போகும்போதே ஒரு ஆள் வேலை முடிந்து கிடக்கிறது. எல்லாம் அவரைப் போலவே இடக்கை வெட்டு.

அவர் மனைவி ஒச்சம்மாளிடம் கேட்டேன். "அண்ணன் கத்தரி எங்க மதினி?"

"ஆணியிலதான் தொங்குது. மூணு நாளா அதுல பச்ச எல வாசம்டி."

"உங்க தோட்டத்த வித்து பிளாட்டு போட்டாச்சே. நான் எங்க போயி வெட்ட?"

"என்னயக் கேட்டா? வேல செய்யிற மனுசன்கிட்ட கேளு."

அண்ணனுக்கு நான் மூன்று நாள் வேலை கடன்.