இடது பக்கம் திரும்பவும்

ராசிபுரம் பழைய பஸ் ஸ்டாண்டை வீரபாகு மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

சின்ன வண்டி என்றால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இது எருமைக்கடா அளவுக்கு ஒரு டூரிங் பைக். இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் கண்ணாடித் தடுப்பு. லடாக் போவதற்காக வாங்கியது. இதுவரை போன தூரம், பக்கத்திலிருக்கும் மல்லூர்.

முக்கில் பூ விற்கும் சின்னாயி, வண்டி மூன்றாம் தடவையாகக் கடந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என்ன சாமி, வேண்டுதலுங்களா? சூடம் ஏதாச்சும் ஏத்தோணுமா?"

வேண்டுதல் மாதிரிதான் என்றார் வீரபாகு. பிறகு ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, முகம் மாறாமல் விளக்கினார். வழி சொல்லும் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறார். அது 'இடது பக்கம் திரும்பவும்' என்கிறது. சரியென்று திரும்பினால், அடுத்த முக்கிலும் 'இடது பக்கம், திரும்பவும்' என்கிறது. திரும்பவும் என்றால் மறுபடியும்தானே? மீற முடியுமா? போன வாரம் நாமகிரிப்பேட்டையில் இப்படிச் சுற்றிச் சுற்றித் தரை வழவழத்துப் போய், மஞ்சள் வியாபாரிகள் அதிலேயே மஞ்சளைக் காயப்போட்டுக்கொண்டார்கள் என்றார்.

சின்னாயி ஒரு முழம் பூவை வண்டியின் கைப்பிடியில் சுற்றிவிட்டாள். நம்பியதாலா, பரிதாபத்தாலா என்று தெரியவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்தது சித்திரையில். இப்போது ஆடி. வாங்கும் முன் தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் மனைவி முத்தாயம்மாளின் வழக்கு. வண்டி வந்த அன்றைக்கு வாசலில் நின்று கடைசியாக ஒன்று சொன்னாள், இனிமேல் அந்த வண்டியோடயே பேசிக்கோங்க என்று.

அதோடு சரி. சாப்பாடு வரும், பேச்சு வராது. குழம்பில் உப்பு போதுமா என்று மருமகள் மோனிஷாவிடம் கேட்பாள். மோனிஷா அவரிடம் கேட்பாள்.

லுங்கி வியாபாரத்தில் ஊர் ஊராகப் பேசியே காலம் தள்ளியவர். கடையை மகனிடம் விட்ட பிறகு, மிச்சமிருந்த பேச்சுத்துணை முத்தாயம்மாள் ஒருத்திதான்.

வண்டியோடு பேசுவதென்றால் வண்டிக்கு வாய் வேண்டுமே. மோனிஷாவை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனார்.

கடைக்காரர் மூன்று மெஷின்களை எடுத்து வைத்தார். ஒன்றில், சேலத்து வெயிலுக்குத் திரையே தெரியவில்லை. இன்னொன்று, கையுறையைக் கழற்றினால்தான் சொன்ன பேச்சைக் கேட்டது. மூன்றாவது, மழையில் நனையலாம், சிக்னல் இல்லாத மலையிலும் வழி காட்டும், சொல்வதை ஹெல்மெட்டுக்குள் காதோரமாய்ச் சொல்லும்.

அதெல்லாம் இருக்கட்டும், பேசச் சொல்லுங்க என்றார் வீரபாகு.

பேசியது. ஒரு 'ங்க' இல்லை. தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருந்தது. இருந்தாலும் பெண் குரல். வாங்கிவிட்டார்.

மோனிஷா தன் பங்குக்கு, அவருடைய போன் போகுமிடமெல்லாம் தன் போனில் புள்ளியாகத் தெரியும்படி செய்தாள். யாராவது கூப்பிட்டால் ஹெல்மெட்டே எடுத்துக்கொள்ளும்படியும் செய்தாள். அத்தை அந்தப் புள்ளியப் பாக்காத மாதிரியே பாக்கறாங்க மாமா என்று ஒருநாள் கிசுகிசுத்தாள்.

வீரபாகு காதில் விழாதது போலப் போய்விட்டார்.

இப்போது நாலாவது சுற்று. பூக்கடையைத் தாண்டி வண்டி இடது பக்கம் சாய்ந்தபோது, ஹெல்மெட்டுக்குள் 'க்ளுக்' என்றது.

அப்புறம் மூச்சுச் சத்தம். யாரோ பேச வாயெடுப்பதும் விடுவதுமாக.

"ஏனுங்க."

வீரபாகு பிரேக்கைப் பிடித்தார். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்தது. அடிக்கட்டும்.

"அங்கயே எதுக்குங்க சுத்தீட்டு இருக்கறீங்க? வழி தெரியலீங்களா? மயக்கம் கியக்கம் வருதுங்களா?"

சித்திரையிலிருந்து சேர்த்து வைத்த 'ங்க' அத்தனையும் ஒரே மூச்சில் வந்து விழுந்தது.

மயக்கமெல்லாம் இல்லை, மெஷின்தான் திரும்பவும் திரும்பவும் என்று குழப்புகிறது என்றார் அவர். மெசினு கெடக்குது, நான் சொல்றேன் வாங்க என்றாள் முத்தாயம்மாள். லடாக் போறவருக்கு ராசிபுரத்துல வழி தெரியல பாரு கண்ணு என்று மோனிஷாவிடம் சொல்வதும் கேட்டது. அதுவும் இனித்தது.

ஆண்டகலூர் கேட் வருமுன்பே கேட் வருது என்றாள். லாரிக்குப் பின்னாலேயே போக வேண்டாம் என்றாள். வேகத்தடை வந்தால் மெதுவாக ஏற்றி இறக்கச் சொன்னாள், இடுப்பு பத்திரம் என்றாள். ஹெல்மெட்டுக்குள் இத்தனை காற்றோட்டம் இருப்பதை வீரபாகு அன்றுதான் கண்டார்.

வெண்ணந்தூர் பிரிவுக்குச் சற்று முன்னால், தண்ணீர் குடித்துவிட்டு வருவதாக அவளிடம் சொல்லி வண்டியை நிழலில் நிறுத்தினார். பக்கத்துப் பெட்டியைத் திறந்தார்.

பாட்டிலுக்கு அடியில், புது லுங்கியில் சுற்றி, அந்த வழி சொல்லும் மெஷின் கிடந்தது. காலையில் வீட்டு வாசலிலேயே அவர் அணைத்து வைத்தது.

லுங்கியை இன்னும் ஒரு சுற்று இறுக்கிச் சுற்றிவிட்டுப் பெட்டியை மூடினார்.

பிரிவு வந்தது. "வலது பக்கம் வாங்க. ஊடு வந்தாச்சு," என்றாள் முத்தாயம்மாள்.

வீடு வந்தால் போனை வைத்துவிடுவாள்.

வீரபாகு இடது பக்கம் வண்டியை ஒடித்தார்.

"ஏனுங்க," என்று ஆரம்பித்தாள் அவள், திரும்பவும்.