ஊருக்கு அனுப்பிய பேச்சு

ரப்பர் விலை சரிந்த ஆண்டு அது. மலாயாவில் சிகாமட் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆட்களைக் குறைக்க வேண்டியிருந்தது. ஜனங்கள் தாங்களாகவே ஊர் திரும்பச் சம்மதிக்கும்படி பேசும் பொறுப்பைச் கணக்கெழுதும் சின்னக் கிராணி தணிகாசலத்திடம் வெள்ளைக்காரத் துரை ஒப்படைத்தார்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று தணிகாசலம் பேசினான். குரலை உயர்த்தினான், தாழ்த்தினான், வேண்டிய இடத்தில் விம்மினான்.

"நம்ம ஊர்ல இந்த வருசம் நல்ல மழைங்க. கம்மா நெறஞ்சு கெடக்கு. நெலம் ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு!"

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேர் கொடுக்க வரிசை நீண்டது. தமிழ் தெரிந்த துரை அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வரிசையில் அடுத்து வந்தவரைக் கண்டதும், பேர் எழுதிக்கொண்டிருந்த தணிகாசலம் பேனாவைக் கீழே வைத்தான். காய்ச்சலோடு லயத்து வீட்டில் படுத்திருப்பதாக அவன் நினைத்திருந்த அப்பா.

"நீங்க ஏம்பா வந்தீங்க?"

"ஒம் பேச்சு லயம் வரைக்கும் கேட்டுச்சுடா. எம் பேரையும் எழுது. ஊர்ல மழ பெஞ்சது நெசந்தானே?"

ஊரில் மழையே இல்லை, சித்தப்பா குடும்பம்கூடப் பிழைப்புத் தேடி எங்கோ போய்விட்டது என்று போன கப்பலில் வந்தவர்கள் சொன்னதை அப்பாவிடம் மறைத்தவன் அவன்தான்.

துரை அவன் முகத்தையே பார்த்தார். வரிசையும் பார்த்தது.

"நெசந்தாம்பா" என்றான்.

அப்பா சிரித்துக்கொண்டே கைநாட்டு வைக்கப் பெருவிரலை நீட்டினார்.