டபுள் பாஸ் காத்திருந்த நாற்பது வினாடி

"யாரும்மா அது, நடுவுல முனகுறது?"

இசையமைப்பாளர் கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார். நான்கு மணிக்கு இயக்குநர் பாட்டு கேட்க வருகிறார். அதற்குள் முனகல் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

சவுண்ட் இன்ஜினியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பெயர் தனியாகத் திரையில் வரப்போகும் முதல் படம். இதில் போயா இப்படி?

இந்த இசையமைப்பாளரிடம் எதுவும் எதோடும் சேரும். தபேலா ஓயும் இடத்தில் டிரம்ஸ் ஏறும். நாதஸ்வரம் மூச்சு வாங்கினால் டிரம்பெட் புகுந்துவிடும். சுருதி சேர்ந்தால் குக்கர் விசிலைக்கூட விடமாட்டார் என்று வாத்தியக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். ஆனால் அவர் கூப்பிடாத சத்தம் ஒன்று உள்ளே நுழைந்தால் மனிதர் ருத்ர தாண்டவம் ஆடிவிடுவார்.

பாட்டில் மொத்தம் நாற்பத்தோரு ட்ராக். ஒவ்வொன்றாக வாயை அடைத்துக்கொண்டே வந்தாள்.

வயலின்களில் இல்லை. கிடாரில் இல்லை. கடம், பாவம், அது தன் பாட்டுக்கு இருந்தது.

டபுள் பாஸை அடைத்ததும் முனகல் நின்றது.

ஆள் உயர வாத்தியத்தை அணைத்தபடி நின்று வாசிக்கும் அந்த மனிதரை அவளுக்குத் தெரியும். வருவார், வாசிப்பார், தலையாட்டிவிட்டுப் போவார். பேசினால் முத்து உதிர்ந்துவிடுமோ என்கிற ரகம்.

பாட்டின் நடுவே அவருக்கு நாற்பது வினாடி வேலையில்லை. வில்லை இறக்கிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். அந்த நாற்பது வினாடியில்தான் முனகியிருக்கிறார், மைக் திறந்திருப்பதை மறந்துவிட்டு.

ஒரு பொத்தானைத் தட்டினால் தீர்ந்தது. விரல் அதுவரை போய்விட்டது.

சரி, என்னதான் முனகுகிறார் பார்ப்போம் என்று சத்தத்தைக் கூட்டினாள்.

அதை முனகல் என்று சொல்வதே பாவம். தலையும் வாலும் உள்ள மெட்டு அது. தினமும் காதில் விழுகிற மாதிரியும் இருந்தது. சந்தேகத்தோடு வீணை ட்ராக்கைத் திறந்தாள்.

அதே இடம், அதே மெட்டு.

இது எப்படி? அந்த நாற்பது வினாடிக்கு வீணையில் எழுதிக்கொடுத்த ஸ்வரம் எதுவும் கிடையாது. 'இங்கே உங்கள் இஷ்டம்' என்று மட்டும் தாளில் இருந்தது. வீணைக்கார அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் போனார். என்ன கற்பனை, படத்துக்கு உயிரே இதுதான் என்று இசையமைப்பாளர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீணையைக் கேட்டு பாஸ்காரர் பாடிவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. வீணை பதிவானது வியாழக்கிழமை. பாஸ் பதிவானது திங்கட்கிழமை.

மூன்று நாள் கழித்து ஒரு பெண்மணிக்கு வரப்போகிற கற்பனை இவர் வாய்க்கு எப்படி வந்தது? அவளுக்கு மண்டை குடைந்தது. நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு முறை அறையைச் சுற்றிவந்தாள்.

மூன்றாவது சுற்றில் புரிந்தது. புரிந்ததும் முகம் சுருங்கிப்போனது.

வாத்தியக்காரர் சும்மா நிற்கும் இடங்களை வெட்டிச் சுத்தம் செய்த பிறகுதான், அடுத்து வாசிப்பவர் கேட்டுக்கொண்டே வாசிப்பதற்காக அவர் ஹெட்போனுக்கு அனுப்ப வேண்டும். இந்தத் தொழிலில் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொள்வது. அந்த வாரத்து அலைச்சலில் அவள் வெட்டவில்லை. முனகல் நேராக வீணைக்காரரின் காதுக்குள் போயிருக்கிறது.

அப்படியென்றால் அந்த அம்மா காதில் விழுந்ததை அப்படியே சுட்டுவிட்டாரா? இவ்வளவு பேர் கொண்டாடுகிற கற்பனை இன்னொருவர் சொத்தா?

அவளுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. அந்த வீணையைத் தினமும் இரண்டு தடவையாவது தனியாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

கேட்காமல் அழித்தால் திருட்டுக்கு உடந்தை. அழித்த பிறகு அது அந்த மனிதருடைய மெட்டு என்று சொல்ல ஒரு சாட்சியும் இருக்காது. கேட்கப் போனாலோ, வெட்ட மறந்த தன் குட்டு உடைந்துவிடும். மணி மூன்றரை.

வருவது வரட்டும் என்று வீணைக்காரருக்குப் போன் போட்டாள்.

"மேடம், அன்னைக்கு ஹெட்போன்ல பாஸ்காரர் பாடினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்வார் என்று அவள் நினைக்கவில்லை. சுட்டீர்களா என்று கேட்கத்தான் நினைத்திருந்தாள். மன்னிப்புதான் வெளியே வந்தது.

"ஸாரி மேடம். மைக் திறந்திருக்கறது தெரியாம அவர் பாடிட்டார். நானும் வெட்ட மறந்துட்டேன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"முப்பது வருஷமா மைக் முன்னாடி நிக்கிற ஆளும்மா. திறந்திருக்குன்னு எங்க அண்ணனுக்குத் தெரியாதா?"

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கட்டிய மெட்டாம் அது. அம்மா போன அன்றைக்கு வாய் வார்த்தை முற்றி, பதினொரு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். யார் யார் வாசிக்கிறார்கள் என்ற பட்டியலில் தங்கையின் பெயரை அவர் பார்த்திருப்பார்.

வழக்கம்போல ஒழுங்காக வெட்டியிருந்தால் அது தங்கையின் காதுக்கே போயிருக்காது.

"இயக்குநர் வர்றார் மேடம். அதை அழிக்கச் சொல்லியிருக்காங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"தாராளமா அழிச்சுக்கம்மா. எனக்கு வந்து சேர்ந்துடுச்சு. பதிலும் வாசிச்சுட்டேன்."