ரவிவான் மேடத்துக்காக ஒரு வேண்டுதல்

“துக்தா, கீழே என்ன கூட்டம்? ஸ்டிரைக்கா?”

ஜன்னலோரம் நின்றபடி கேட்டார் ரவிவான். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் உயிர்ச் செல்களுக்குத் தீனி தயாரித்து விற்கும் பாங்காக் கம்பெனிக்கு அவர்தான் தலைவர். அங்கே தயாராகும் சிவப்புத் திரவத்தில் ஒரு கிருமிகூட இருக்காது. மேடத்துக்குப் பயந்து கிருமியே உள்ளே வருவதில்லை என்பது ஊழியர்களின் கட்சி.

“ஸ்டிரைக் எல்லாம் இல்ல மேடம்,” என்றாள் செக்ரட்டரி துக்தா. “வாசல்ல காவல் தெய்வத்துக்குப் படையல். அவிச்ச முட்டை, மாலை, நாட்டியக்காரங்க எல்லாம் வந்தாச்சு.”

“வேலை நேரத்துலயா? யாருக்கு என்ன வேண்டுதல்?”

துக்தா தலையைக் குனிந்துகொண்டாள். “உங்களுக்காகத்தான் மேடம். மொத்த ஸ்டாஃபும் சேர்ந்து வேண்டிக்கிட்டோம்.”

ரவிவான் ஜன்னலை விட்டுத் திரும்பினார். காலையில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்திருந்தது. சிங்கப்பூரில், ஆசியா முழுமைக்கும் தலைவர் பதவி. இதே கம்பெனியில் விற்பனைப் பெண்ணாக ஐஸ் பெட்டி தூக்கிய நாளிலிருந்து அவர் கண்ட கனவு அது. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“சிங்கப்பூர் விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சா?”

“அந்த போனை உங்களுக்குக் கொடுத்ததே நான்தானே மேடம்.”

ரவிவானுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாவம்டி பிள்ளைங்க! செல்லுக்கு ஞாயித்துக்கிழமை பசிக்காதான்னு கேட்டு, லீவு நாள்ல எல்லாம் வரவழைச்சேன். கிருமி வந்துடும்னு உங்க சாப்பாட்டு டப்பாவை மோந்து பார்த்து, மீன் ஊறுகாயைத் தூக்கிப் போட்டேன். அப்படியும் நான் போகக் கூடாதுன்னு வேண்டிக்கற அளவுக்கு என் மேல பாசமா?”

“அது... இந்த விஷயத்துல எல்லாருக்கும் ஒரே மனசு மேடம்.”

அவ்வளவுதான். ரவிவான் போனை எடுத்தார்.

“மேடம், அவசரப்படாதீங்க! எவ்வளவு பெரிய பதவி! சிங்கப்பூர் மேடம்!”

“நீ சும்மா இரு. ஹலோ... மன்னிச்சுக்கோங்க, எனக்கு அந்தப் பதவி வேணாம். என் குடும்பம் இங்க இருக்கு.”

பேசி முடித்த கையோடு கீழே இறங்கினார். நாட்டியம் உச்சத்தில் இருந்தது.

“நான் எங்கேயும் போகல!” என்று கைகளை விரித்துக் கத்தினார். “உங்களை விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல!”

மேளம் நின்றது. பாட்டில் நிரப்பும் பிரிவுப் பெண்கள் இருவர் வாய்விட்டு அழுதார்கள். ரவிவானும் அழுதார்.

“அழாதீங்கம்மா. இந்த ஞாயித்துக்கிழமை நானும் உங்ககூட வேலைக்கு வர்றேன்!”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடியேறும்வரை யாரும் அசையவில்லை. பிறகு சூப்பர்வைசர் சோம்கிட் பல்லைக் கடித்தபடி துக்தா பக்கம் திரும்பினார்.

“மேடத்துக்குச் சிங்கப்பூர்ல பதவி கிடைச்சா நாட்டியத்தோட படையல்னு வேண்டிக்கிட்டியே, அவங்க அதை ஏத்துக்கிட்டுப் போய்த் தொலையணும்னும் சேர்த்துச் சொல்ல வேணாமா?”