வடக்கு வானத்துச் சுழி

முதல் அடி தொலைநோக்கியின் குழாயில் விழுந்தது. பால்கனிக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் இரும்புக் கம்பிதான் அவன் கையில் இருந்தது.

அவள் பால்கனிப் பக்கச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"விடிய விடிய மொட்டை மாடியில எவன்டி உனக்கு?"

சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

மாடியில் அவளுக்கு இருந்தது ஒரு சுருள் விண்மீன் மண்டலம். வடக்கு வானத்தில், சப்தரிஷிகளின் வால் நுனிக்குப் பக்கத்தில். சில மண்டலங்கள் ஒருக்களித்துப் படுத்துக் கோடுபோலத் தெரியும். இது முகத்தை நேராகக் காட்டும். மகள் பாப்பா அதைத் தன் தலையில் இருக்கும் சுழி என்பாள். குளிர்காலம் முழுக்க அதன் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அவள் ஒரு படம் எடுத்திருந்தாள்.

சுவரிலிருந்து அந்தப் படத்தைப் பிய்த்து நாலாகக் கிழித்தான்.

அடுத்தது தொலைநோக்கியின் கண்ணாடி. அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். வேலை முடிந்து வந்து, இதையும் தன் கையாலேயே தேய்த்து எடுத்தவள். ஒரே குத்தில் நொறுங்கியது. ஒரு சில்லு அவள் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

அவள் நகரவில்லை. நகர்ந்தால் அவன் திரும்புவான்.

தாங்கியின் கால்களை மிதித்து ஒடித்தான். குழாய் நசுங்கித் தட்டையான பிறகும் அடித்தான். தன் உள்ளங்கை கிழிந்து ரத்தம் ஒழுகுவதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

மூச்சு வாங்க, அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான்.

"பாப்பாவக் கூப்பிடு. அம்மா லட்சணத்த அவளும் பாக்கட்டும்."

போன வாரம்தான் முதல்முறையாகப் பாப்பா மேலும் அவன் கை விழுந்திருந்தது. அன்றிலிருந்து பள்ளிக்குக் கூட்டிப் போவதும் கூட்டி வருவதும் அவன்தான். வந்த உடனே வாசல் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான்.

இன்று பூட்ட மறந்திருந்தான்.

பாப்பாவைக் காணாமல் உள்ளறைக்கு ஓடினான். அவள் வாசலுக்கு வெளியே வந்து, வாசல் கதவைச் சாத்தி, வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள். உள்ளிருந்து கம்பி கதவில் இடித்தது.

கீழே கார் தயாராக இருந்தது. பின்சீட்டில் பாப்பா பள்ளிப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓட்டுகிற இடத்தில் அவனுடைய அக்கா.

தொலைநோக்கியை மாடியிலிருந்து இறக்கி, உள்ளே நுழைந்ததும் அவன் கண்ணில் படுகிற மாதிரி ஹால் நடுவில் வைக்கச் சொன்னவள் அந்த அக்காதான்.

"ஒடைக்க ஒண்ணு கெடைச்சுட்டா தம்பி வேற எதையும் பாக்கமாட்டான்," என்றிருந்தாள் மதியம் போனில். "எங்கப்பாவும் அப்படித்தான்."