திருடலாமா

மேசைப் பொருள்கள் பேசுமா என்று கேட்காதீர்கள். எங்கள் தெரு கோகிலவாணி வீட்டில் பேசும், சண்டையும் போடும். அவர் ஒலிப்பதிவுகளைக் கேட்டு டைப் செய்து கொடுப்பவர்.

அன்று ஓடியது, ஆட்டுத் திருட்டு விசாரணையில் சுடலைமுத்து கொடுத்த வாக்குமூலம். கீபோர்டு குதிரையாகப் பறந்தது: "நான் ஆட்டைத் திருடலாமா."

"நில்லுண்ணே," என்றது மேசைக்கடியில் கிடந்த, பதிவை ஓட்டவும் நிறுத்தவும் மிதிக்கும் கால்பெடல். "விசாரணைக்கு வந்த ஆளு அனுமதியா கேப்பாரு?"

"மிதிபடுறவனுக்கு எதுக்குடா இலக்கணம்? ஹெட்போனையே கேளு," என்றது கீபோர்டு.

"எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு," என்றது ஹெட்போன். "ஆனா மனுஷன் மூச்சு விடாம பேசுறாரு."

பெடல் பதிவை ஐந்து நொடி பின்னால் இழுத்தது. "பாதி வேகத்துல கேளு. தப்பா அடிச்சா அவரு திருடனாயிடுவாரு."

சுடலைமுத்துவின் குரல் இப்போது தேர் மாதிரி அசைந்து அசைந்து வந்தது: "நான்... ஆட்டைத்... திருடல... ஆமா."

ஹெட்போன் துள்ளியது. "அடேய், நடுவுல இடைவெளி இருக்குடா! திருடலன்னு அடிச்சுச் சொல்றாரு."

கீபோர்டு 'லாமா'வை அழித்து 'ல', 'ஆமா' எனப் பிரித்துப் போட்டது. பிறகு, பிறந்ததிலிருந்து முதல் முறையாக, நடுவில் ஒரு கமாவை மெதுவாகத் தட்டியது.